பிரிட்ஜ் சீட்டாட்டம்: மைனர் ஓப்பனிங்குக்கு வரும் 1 நோட்ரம்ப் ஃபோர்சிங் அல்ல

மேலே ஒருவர் “டூ ஓவர் ஒன் (ஒரு ஏல முறை) ஆடினால் 1 டைமண்ட் ஓப்பனிங்குக்குப் பார்ட்னர் பதில் சொல்லும் 1 நோட்ரம்பும் (துருப்பு இல்லாத ஏலம்) ஃபோர்சிங்தான், ஓப்பனர் (ஏலத்தைத் தொடங்கியவர்) பாஸ் சொல்லக் கூடாது” என்று எழுதியிருக்கிறார். இது தவறு, புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் தயவுசெய்து இதை நம்பி ஆடிவிடாதீர்கள். ஃபோர்சிங் 1 நோட்ரம்ப் என்பது 1 ஹார்ட், 1 ஸ்பேடு ஓப்பனிங்குக்கு மட்டும் உள்ள ஏற்பாடு. மைனருக்குப் (கிளப், டைமண்ட்) பிறகு மேஜரைச் (ஹார்ட், ஸ்பேடு) சொல்ல ஒன்றாம் மட்டத்திலேயே இடம் இருக்கிறது, அதனால் 1 நோட்ரம்ப் என்றால் நாலு சீட்டு மேஜர் இல்லை, சுமார் 6 முதல் 10 பாயின்ட் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1), அவ்வளவுதான்.

ஒரு கையைப் பாருங்கள். பதில் சொல்பவரிடம் ஸ்பேடு ராஜா-7-2, ஹார்ட் ராணி-8-4, டைமண்ட் ஜாக்கி-6, கிளப் ராஜா-9-7-5-3, மொத்தம் 9 பாயின்ட். 2 கிளப் சொல்ல பலம் போதாது, 1 நோட்ரம்ப்தான். ஓப்பனரிடம் 3-3-4-3 அமைப்பில் (ஸ்பேடு, ஹார்ட், டைமண்ட், கிளப் வரிசையில்) 13 பாயின்ட். இருவருக்கும் சேர்த்து 22, கேம் (பெரிய போனஸ் தரும் ஏலம்) கிடையாது, பாஸ் செய்துவிட்டு நிம்மதியாக ஆடலாம். ஃபோர்சிங் என்று நினைத்தால் அந்த ஓப்பனர் எதைச் சொல்வார்? நாலே டைமண்டை வைத்துக்கொண்டு 2 டைமண்டா? எதிரில் இருப்பது ஜாக்கி-6!

அப்புறம், மைனருக்கு வரும் 2 நோட்ரம்ப் பதிலை மட்டும் பார்ட்னரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எஸ்ஏஒய்சி (ஸ்டாண்டர்ட் அமெரிக்கன் எல்லோ கார்டு) என்ற ஏல முறையில் அது 13-15 பாயின்ட், கேம் ஃபோர்சிங், அதாவது கேம் வரை நிறுத்தக் கூடாது. டூ ஓவர் ஒன் ஆடும் பலருக்கு 11-12, கேமுக்கு வெறும் அழைப்பு. உண்மையில் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான்.