வீட்டுப் பிள்ளைக்குச் சேமலாப நிதி வேண்டாமா?

கிளிநொச்சிப் புடவைக் கடையொன்றில் வேலை செய்த பிள்ளை, கலியாணத்துக்காக வேலையை விடும்போது தன் சேமலாப நிதியை, அதாவது சம்பளத்தோடு மாதாமாதம் சேர வேண்டிய ஓய்வுகாலச் சேமிப்பை, கேட்டுத் தொழில் திணைக்களத்துக்குப் போனது சரியா பிழையா என்று இங்கே பட்டிமன்றம் நடக்கிறது. நடந்ததை முழுதாக நான் திரும்ப எழுதப் போவதில்லை. ஆனால், நான் மதிக்கும் வணிகர்கள் சிலரே "எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரித்தானே வச்சிருந்தவை, கடைசியில இப்பிடிச் செய்திட்டுதே" என்று எழுதியிருப்பதை வாசித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பக்கத்துக் கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். கடைக்காரர் அந்தப் பிள்ளைக்குத் தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்ததையும், தாயின் ஆசுப்பத்திரிச் செலவுக்குக் கை கொடுத்ததையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அது நல்ல மனம். ஆனால் சேமலாப நிதி முதலாளி கொடுத்தே தீர வேண்டிய கடன். சேலையைக் கொடுத்துவிட்டதால் கடன் கழிந்துவிடாது.

கணக்கைப் பாருங்கள். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகி, 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகியிருக்கிறது. அந்தச் சம்பளத்தில் ஊழியரிடம் பிடிப்பது 8 வீதம், அதாவது 2,400 ரூபாய். முதலாளி தன் பங்காக 12 வீதம், 3,600 ரூபாய் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்ற இன்னொரு சேமிப்புக்கும் முதலாளியே 3 வீதம், 900 ரூபாய் கட்ட வேண்டும். ஆக, முதலாளியின் பையிலிருந்து மாதம் 4,500 ரூபாய். கடையில் ஒரேயொருவர் வேலை செய்தாலும் இது பொருந்தும். சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நேற்று வந்த சட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. கட்டப் பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண் தன் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பிள்ளை கேட்டது அதைத்தான். அதில் நன்றிகெட்டதனம் எங்கே வந்தது?

என் சின்னம்மா, போர் முடிந்து இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெளியே வந்த கையோடு வவுனியாவில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. வந்த நாளுக்கு ஒரு புள்ளடி, முற்பணம் வாங்கினால் சிவப்புப் பேனையால் ஒரு தொகை என்று ஒரு நாற்பது பக்கக் கொப்பிக்குள் அவருடைய உழைப்பு முழுவதும் இருந்தது. நின்று நின்று கால் வீங்கி, இனி முடியாது என்று பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து வேலையை விட்டபோது, ஒரு மூடை அரிசியும் கடித உறைக்குள் கொஞ்சக் காசும் கொடுத்து அனுப்பினார்கள். பத்தாண்டு உறுப்புரிமையும் மூன்று இலட்சம் ரூபாய்க்குக் குறையாத மீதியும் உள்ளவர் வீட்டு வேலைக்காகத் தன் நிதியில் 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். சின்னம்மாவுக்கு யாரும் அந்த நிதியைக் கட்டவில்லை; வீட்டுத் திட்டத்தில் கிடைத்த அவருடைய வீடு இன்னும் பூசப்படாமல் நிற்கிறது. அவரோ இன்றைக்கும் "நல்ல மனிசன் தம்பி" என்றுதான் சொல்கிறார். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

"பிள்ளைகளே சம்பளத்தில பிடிக்க வேண்டாம் என்று சொல்லுகினம்" என்பீர்கள். சொல்கிறார்கள்தான். முதலாளியும் தொழிலாளியும் பேசித் தவிர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. அதோடு, அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று யோசித்தீர்களா? பிடித்த காசைக் கட்டாமல் விட்ட முதலாளிகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"போரில எல்லாம் இழந்து, லீசிங் தவணைக் கடன் கட்டி, வட்டி கட்டி எழும்பினோம்" என்பீர்கள். தெரியும். அந்த வட்டிக் கணக்கை எழுதுபவனே நான்தான். சில மாதங்களில் உங்களுக்கு மிஞ்சுவது என்ன என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கடையில் துணி விரித்துக் காட்டும் பிள்ளையும் போரின் கடைசி நாட்களில் சனம் ஒதுங்கிக் கிடந்த அதே மாத்தளன் கரையிலிருந்து வந்தவள்தான். அவளுக்கு லீசிங் கொடுக்கக்கூட ஆளில்லை. உங்கள் இழப்புக்கான ஈட்டை அவளுடைய சம்பளத்திலிருந்து எடுப்பது எந்த நியாயம்?

பெரிய கொம்பனிகளைப் போய்க் கேள் என்கிறார் ஒருவர். கேட்கலாம். ஆனால் விடியப்புறத்தில் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காக எங்கள் பிள்ளைகள் ஏ9 வீதியில் நிற்கிறார்களே, அங்கே மாதம் தவறாமல் சம்பளச் சீட்டு கிடைக்கிறது. கடை வேலைக்கு ஆள் நிற்பதில்லை என்று வணிகர் சங்கக் கூட்டத்தில் குறைப்பட்டுக்கொள்பவர்கள் இதையும் பேச வேண்டும்.

பதினைந்தாவது ஆளைப் பதிவில் காட்டாமல் விடலாமா என்று ஒரு முதலாளி என்னிடமே கேட்டார். வேலையை விட்டுப் போகும்போது சேவைக்காகக் கொடுக்கும் தொகைதான் பணிக்கொடை; 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தும். ஐந்தாண்டு சேவை முடித்த மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்குப் பயந்துதான் கேட்டார். மாட்டேன் என்றேன். கணக்குக் கொப்பிகளை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். இப்போது சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். நானும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டு வந்தேன்.

இந்தப் பதிவுக்குப் பிறகு இன்னும் சில கணக்குகள் கைவிட்டுப் போகலாம். போகட்டும். இதுவரை பதியாத கடைக்காரர் யாராவது பதிய விரும்பினால், அல்லது நிலுவையைக் கட்ட விரும்பினால், உள்பெட்டியில் எழுதுங்கள். படிவங்களை நானே நிரப்பித் தருகிறேன், தொழில் அலுவலகத்துக்கும் கூட வருகிறேன். காசு வேண்டாம்.