ஒத்தும் கார்டும்

அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசை மூளைக்கான கணக்கு, அதில் உருக்கம் இல்லை என்று திருவையாற்று நண்பர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் தஞ்சை ஜில்லாவின் நாகஸ்வரக் காது உள்ளவர். அதனால்தான் அவருக்கு அப்படித் தோன்றுகிறது என்று நினைக்கிறேன்.

நாகஸ்வரத்தில் ஒத்து என்ற துணைக் குழல் ஆதார சட்ஜத்தை, அதாவது 'ஸ'வை, விடாமல் பிடித்திருக்க, அதன்மேல் ஸ்வரம் அசைகிறது. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தில் நாம் கரைவது அந்த அசைவில்தான். ஜாஸிலோ பல நேரங்களில் ஸ்வரம் நிற்க, அடியில் இருக்கும் தரை, அதாவது கார்டு எனப்படும் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டம், நகர்கிறது.

இதை வாதத்தால் நிறுவ முடியாமல், போன வாரம் எங்கள் வீட்டுப் பழைய ஆர்மோனியத்தை எடுத்தேன். துருத்தியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, வலது கையால் அந்தர காந்தாரத்தை, அதாவது 'க'வை, அழுத்திப் பிடித்தபடி, இடது கையால் கீழ் ஸ்வரத்தை மட்டும் மாற்றினேன். சட்ஜத்தின்மேல் அது நிம்மதியாக உட்கார்ந்தது. கீழ் ஸ்வரம் சதுஸ்ருதி தைவதத்துக்கு ('த') நகர்ந்ததும், அங்கிருந்து எண்ணினால் அதே காந்தாரம் பஞ்சமமாகிச் ('ப') சற்றே இருண்டது. கீழே சுத்த மத்திமத்தை ('ம') வைத்தபோது அதுவே காகலி நிஷாதமாகி ('நி'), மேல் சட்ஜத்தை எட்டாமல் தவித்தது. துருத்தி நின்றுவிட்டது. "இது கிரக பேதம் அல்லவா?" என்றார். ஒரு ராகத்தின் வேறொரு ஸ்வரத்தைச் சட்ஜமாகக் கொண்டு புது ராகம் காண்பதுதான் கிரக பேதம். ஏறக்குறைய அதுதான்; ஆனால் ஜாஸில் பழைய சட்ஜமும் காதிலிருந்து போவதில்லை.

1959இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த 'சோ வாட்' முப்பத்திரண்டு பார் (தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் போன்ற அளவு) கொண்டது: பதினாறு பார் நம் கரகரப்ரியா ராகத்தின் ஸ்வரங்களில், அடுத்த எட்டு அதையே அரை ஸ்வரம் உயர்த்தி, கடைசி எட்டில் திரும்பவும் பழைய இடம். அந்த உயர்வில் டிரம்பெட் அதிகம் பேசுவதில்லை. இடைவெளி விட்டே நெஞ்சைப் பிடிக்கிறது. அதே ஆண்டு மே மாதம் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பதிவு செய்த 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஓட்டத்தில் கார்டுகள் மாறும் வேகத்தைக் கேட்டால், நண்பர் சொல்லும் குறை அங்கே கொஞ்சம் பொருந்தும் என்பேன். எனக்கு அதில் வியப்புதான் அதிகம்.

ஸ்வரத்தை அசைக்கும் நம் கமகத்துக்கு ஈடானது ஜாஸில் மூச்சு. பென் வெப்ஸ்டரின் சாக்ஸபோனில் ஸ்வரம் முடிகிற இடத்தில் நாதம் கழன்று வெறும் காற்று மட்டும் கேட்கும். நாகஸ்வரத்தின் ஊதுவாயில் இருக்கும் சீவாளியை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும் வாசிப்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அது அந்நியமாக இராது.

ஆனால் எங்கள் பக்கத்துத் திருமண மண்டபங்களில் தோடிக்கு அடியில் கீபோர்டு கார்டு வைக்கிறார்களே, அதை மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை. ஊசலாட வேண்டிய காந்தாரத்தை முளையடித்துக் கட்டிவிடுகிறது அது.