கையெழுத்துப் போட மட்டும்தான் நாங்களா?

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஊருணியைச் சீரமைக்க ஒரு தொண்டு நிறுவனம் வந்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் மக்கள் பங்கேற்புக் கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிற பெண்கள் எப்படி வருவார்கள்? வந்தவர்களுக்கும் டீ, பிஸ்கட், ஒரு போட்டோ, நோட்டில் கையெழுத்து, அவ்வளவுதான். திட்டம் முன்பே அச்சாகிவிட்டது.

வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அதைத் திறக்காவிட்டால் மழைத்தண்ணீர் ஊருணிக்கு வந்து சேராது. மழையை நம்பிய வறண்ட சீமை இது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்துறையில் டைல்ஸ் ஒட்டவும் பெயர்ப்பலகை வைக்கவும் பணம் ஒதுக்கியாகிவிட்டது. எனக்கு வயிறு எரிகிறது.

1969-லேயே ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். வெறும் கருத்துக் கேட்பு அதில் நான்காவது படி. அதிகாரம் கைமாறுவது ஆறாவதில்தான் ஆரம்பிக்கிறது. இங்கே நான்காவதே ஒழுங்காக நடக்கவில்லை.

வரவு செலவைக் கிராம சபையில் வையுங்கள். குழுவில் ஊர்ப் பெண்களுக்கு ஓட்டுரிமையோடு இடம் கொடுங்கள். கூட்டத்தைச் சாயங்காலம் நடத்துங்கள். கையெழுத்தை அப்புறம் கேளுங்கள்.