உப்சாலாவின் வகுப்பறையும் இரவும்

சென்ற வாரம், கல்லூரியில் எனக்கு இளையவளான ஒரு மாணவியின் அம்மா தொலைபேசியில் அழைத்தார். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அவருடைய மகள் ஒரு பருவம் படிக்க சுவீடனின் உப்சாலாவுக்குப் போகிறாள். நான் அங்கே படித்துத் திரும்பியவள் என்பதால் குளிர், சாப்பாடு, தங்குமிடம் என்று எல்லாவற்றையும் விசாரித்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அங்கே ராத்திரியெல்லாம் பார்ட்டிதானாமே கண்ணு, புள்ள படிக்குமா?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதத் தோன்றுகிறது. ஏனெனில் படிப்பையும் இரவையும் எதிரெதிரே நிறுத்தும் இந்தக் கேள்வி, நான் அங்கே கண்ட வாழ்க்கைக்குப் பொருந்தவே இல்லை.

வகுப்பிலிருந்து தொடங்குகிறேன். 1477இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்துக்கு 30 புள்ளிகள் (மதிப்பெண் அல்ல, பாடத்தின் அளவைக் குறிக்கும் 'கிரெடிட்'). பல பாடங்களை ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு போகாமல், ஐந்து வாரத்துக்கு ஒன்றாக, 7.5 புள்ளிப் பாடங்களை அடுத்தடுத்துப் படித்தேன். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வகுப்புகள்தாம். மீதி நேரம் முழுவதும் வாசிப்பு. அட்டவணையில் 10 மணி என்று போட்டிருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும், இந்தக் கால் மணி நேரம் அங்கே வழிவழியாக வரும் வழக்கம். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். எனக்கு அது நாக்கில் வரவே மூன்று வாரம் ஆயிற்று.

இத்தனை ஓய்வு நேரம் இருக்கிறதே என்று நினைத்த எனக்கு முதல் கட்டுரை 'தேறவில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. நான்கு நூல்களை வரி வரியாகப் படித்து, மேற்கோள்களை அடுக்கி, பிழையில்லாமல் எழுதிய கட்டுரை அது. ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: மூன்றாம் பக்கத்தில் நீ மேற்கோள் காட்டியவர் சொல்வதை ஐந்தாம் பக்கத்தில் நீ மேற்கோள் காட்டியவர் மறுக்கிறார், இருவரோடும் நீ எப்படி ஒத்துப்போகிறாய்? அதை நான் கவனித்திருக்கவே இல்லை. அங்கே மறுதேர்வு எழுதுவது அவமானமாகக் கருதப்படுவதில்லை என்பதால் திருத்தி எழுதித் தேறினேன். ஆனால் வகுப்பில்லாத நாட்கள் எதற்காக விடப்பட்டிருந்தன என்பது அந்த ஓரக் குறிப்பைப் படித்த பிறகுதான் விளங்கியது.

இரவுக்கு வருகிறேன். உப்சாலாவின் இரவு வாழ்க்கையில் பெரும்பகுதி மாணவர் கையில் இருக்கிறது. பெரும்பாலும் சுவீடனின் பழைய மாகாணங்களின் பெயரால் வழங்கும் 'நேஷன்' என்ற மாணவர் சங்கங்கள் அங்கே 13 உள்ளன. இவற்றின் வேர் 17ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. 2010 வரை ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஒன்றில் சேர்ந்தாக வேண்டும் என்றும் இருந்தது. பெரும்பாலான நேஷன்களுக்குச் சொந்தமாகக் கட்டடம், மதுக்கூடம், நடனக்கூடம், பாட்டுக்குழு எல்லாம் உண்டு. பலவற்றில் நூலகமும் உண்டு. பகலில் நான் கட்டுரைக்காக உட்கார்ந்திருந்த மேசைக்கு இரண்டு தளம் கீழேதான் இரவில் நடனம் நடந்தது. 'குரேட்டர்' எனப்படும் தலைவர் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாணவர். சமைப்பவர், பரிமாறுபவர், வாசலில் அட்டையைச் சரிபார்ப்பவர் எல்லாரும் பெரும்பாலும் மாணவர்களே.

அக்டோபரில் நானும் ஒரு நேஷனின் சமையலறை வேலைக்குப் பெயர் கொடுத்தேன். நீண்ட மேசைகளில் நெருக்கமாக உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் பாடிவிட்டுக் குடிக்கும் முறையான விருந்து அன்று. நான் மது அருந்துவதில்லை. மது இல்லாத பானத்துக்குத் தனிச்சீட்டு இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. விருந்து முடிந்து நள்ளிரவு தாண்டியபின், அன்றைய பொறுப்பாளரான இருபத்திரண்டு வயதுப் பெண் கையை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டு, சமையலறை மேடையிலேயே ரசீதுகளைப் பரப்பிக் கணக்குப் பார்த்தாள். தொகை ஒத்து வரவில்லை. நாங்கள் நால்வரும் காலிப் பாட்டில்களை எண்ணிச் சொல்லச் சொல்ல, அவள் முதலிலிருந்து கூட்டினாள். கணக்குச் சரியான பிறகே விளக்கை அணைத்தோம். மறுநாள் காலை 10.15க்கு அவள் என் வகுப்பில், கட்டுரையைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

அன்றிரவு இரண்டு மணிக்கு மிதிவண்டியில் தனியாக அறைக்குத் திரும்பினேன். இதை எழுதும்போது எனக்குக் கோபமும் வருகிறது. நான் படித்த கல்லூரியின் மாணவியர் விடுதியில் மாலை ஆறரைக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். நூலகத்தில் பத்து நிமிடம் தாமதித்ததற்காகக் காப்பாளர் முன்னால் அழுதபடி மன்னிப்புக் கடிதம் எழுதிய தோழியை எனக்குத் தெரியும். அதே ஊரில் மாணவர் விடுதிக்கு அந்தப் பூட்டு இல்லை. எங்களைப் பாதுகாக்கிறோம் என்றார்கள். ஆனால் ஒரு கூடத்தை நடத்தவோ, பணத்துக்குப் பொறுப்பேற்கவோ, நேரத்தை நாங்களே பங்கிட்டுக்கொள்ளவோ ஒரு மாலைப்பொழுதைக்கூட எங்களிடம் விட்டதில்லை. கட்டுரையில் எனக்கென்று ஒரு நிலைப்பாடு இல்லாமல் போனதற்கும் இந்தப் பூட்டுக்கும் தொடர்பு உண்டு என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

அங்கே எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பரிமாற்ற மாணவர்கள் தங்களுக்குள்ளேயே வட்டம் போட்டுக்கொண்டு, ஒரு சுவீடன் நண்பர்கூட இல்லாமல் ஊர் திரும்புவது உண்டு. வாரத்தில் நான்கு இரவு ஆடிவிட்டு இரண்டு பாடங்களில் தேறாமல் போன ஒருவனையும் அறிவேன். அவனை எழுப்பி வகுப்புக்கு அனுப்ப அங்கே யாரும் இல்லை. டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்குள் இருட்டிவிடும். அந்த மாதத்தில் அறைக்குள் முடங்கியவர்கள் பட்ட துன்பம், வெளியே ஆடப் போனவர்கள் பட்டதைவிடப் பெரிது. உப்சாலாவின் ஃப்ளோக்ஸ்டா பகுதியிலுள்ள மாணவர் விடுதிகளில் இரவு 10 மணிக்கு மாணவர்கள் சன்னலைத் திறந்து கத்துகிற ஒரு வழக்கம் இருக்கிறது. முதல் முறை கேட்டபோது நடுங்கிப்போனேன். தேர்வு வாரத்தில் நானும் சன்னலைத் திறந்தேன்.

அந்த அம்மாவிடம், மகள் படிப்பாள் என்று சொன்னேன். ஆகஸ்ட் இறுதியில் போய் இறங்கியதும் ஒரு பழைய மிதிவண்டி வாங்கட்டும், நல்ல முன்விளக்கோடு. வெளிச்சம் குறைவதற்குள், செப்டம்பரிலேயே, ஏதாவது ஒரு நேஷனில் சமையலறை வேலைக்குப் பெயர் கொடுத்துவிடட்டும். இரவு வேலை என்றால் எத்தனை மணிக்கு அறைக்கு வருவாள் என்று கேட்டார். இரண்டு மணி ஆகும் என்று மறைக்காமல் சொன்னேன்.