மாட்டுக்கு ஜோடி பாலா, காடா?

நாலு வயதுப் பிள்ளையிடம் "மாடு... இதே மாதிரி கேக்குறது எது, பாலா, காடா?" என்று கேட்டால் "பால்" என்று பதில் வருவது சகஜம். காதில் குறையில்லை; பிள்ளை சொல்லின் பொருளைப் பார்க்கிறது. பொருளை ஒதுக்கிவிட்டு ஓசையை மட்டும் கேட்பது அந்த வயதுக்குப் புதுப் பழக்கம். "தப்பு" என்று அதட்டாமல் "மாஆடு, காஆடு" என்று இழுத்துச் சொல்லிக் காட்டுங்கள்.

எனக்கு வருத்தம் வேறொன்றில். ஆங்கில 'கேட், பேட்' (cat, bat) பாடத்தை அப்படியே தமிழுக்குப் பொருத்தி, "கடைசி எழுத்து ஒன்றாக இருந்தால் ரைம்" என்று சொல்லித் தருகிறார்கள். மரம், படம், குளம் எல்லாமே 'ம்'மில்தான் முடிகின்றன. முடிவை மட்டும் கேட்டால் எதுவும் எதற்கும் ஜோடியாகிவிடும். தமிழ்க் காதுக்கு எதுகைதான் பிடி: இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், முதல் எழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில்.

இந்த இலக்கணம் நாம் சொல் பொறுக்குவதற்கு. பிள்ளையிடம் பேச அல்ல. முதலில் தொடக்க மெய் மட்டும் மாறும் சொற்கள்: சட்டை, கட்டை, மட்டை, பானை, யானை, பட்டம், வட்டம். வீடு–மாடு, கல்–நெல் போல உயிரும் மாறுபவை பிறகு. பிள்ளை வாயில் பல், கல் கிடையாது, பல்லு, கல்லுதான். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். எழுத்து அட்டையை மட்டும் எடுக்காதீர்கள். எழுத்தைக் கண்டதும் கவனம் ஓசையை விட்டு வடிவத்துக்குப் போய்விடும்.

நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். ஆறு ஜோடி சொல்லி "ஒரே மாதிரி கேக்குதா?" என்று கேளுங்கள். அதில் குறைந்தது மூன்று பொருந்தாத ஜோடிகளாக இருக்கட்டும்; இல்லாவிட்டால் பிள்ளை எல்லாவற்றுக்கும் "ஆமா" போட்டுவிடும். பொருந்தாததில் பல்லு–பட்டம் மாதிரி ஒன்றைக் கலந்தால், முதல் ஒலியை மட்டும் கேட்கிறதா என்பதும் தெரியும்.

அடுத்து, சேராததைப் பிடிப்பது: சட்டை, மட்டை, பூனை. பிள்ளைகளின் ஓசை உணர்வையும் வாசிப்பையும் பற்றி உளவியலாளர்கள் லினெட் பிராட்லி, பீட்டர் பிரயண்ட் இருவரும் 1983இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில்கூட நாலு வயதினருக்கு மூன்று சொற்கள்தான். ஐந்து வயதினருக்கு நான்கு. கூடினால் ஓசையைக் கேட்பதைவிடச் சொற்களை நினைவில் வைப்பதே பெரும்பாடாகிவிடும். மூன்று படங்களை முன்னால் வைத்தால் அந்தச் சுமை இல்லை. சேராத படத்தை எப்போதும் கடைசியில் வைக்காதீர்கள். இடத்தைப் பார்த்தே சொல்லப் பழகிவிடும்.

தானாகச் சொல்வது கடைசிப் படி. "பானை, யானை... இன்னொண்ணு சொல்லு" என்றதும் "டானை" என்று வந்தால், அப்படி ஒரு சொல் இல்லையே என்று திருத்தாதீர்கள். பொருளை முழுசாக விட்டு ஓசையை மட்டும் பிடித்த பிள்ளைக்குத்தான் "டானை" வரும்.