எரிந்தது பேட்டரி, அவன் பழக்கம் இல்லை

இ-சிகரெட் பேட்டரி பைக்குள் தீப்பிடித்து ஒருவன் தொடை வெந்துபோன அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நேற்று முழுக்க எல்லோர் பக்கத்திலும் அதுதான் ஓடியது. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. "ஊதுகிறவனுக்கு இது வேண்டியதுதான்" என்று எழுதியவர்களில் மூன்று பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

எரிந்தது பேட்டரி. அவன் புகைத்துக்கொண்டிருக்கவில்லை. பேண்ட் பையில் இ-சிகரெட்டுக்குப் போடும் ஒரு செல், அதாவது உதிரி பேட்டரி இருந்தது, அவ்வளவுதான்.

18650 என்று சொல்லும் அந்த லித்தியம் பேட்டரிச் செல்லைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். மேலே இருக்கும் சின்னப் பொத்தான் நேர்முனை. மிச்சம் இருக்கும் உலோக உடம்பு முழுவதும் எதிர்முனை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளியும், மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். உறை ஓரத்தில் கிழிந்து, ஒரு சாவியோ நாணயமோ இரண்டையும் சேர்த்துத் தொட்டால் போதும். உள்ளே சூடு ஏறும், அந்தச் சூடே வேதிவினையைத் தூண்டி மேலும் சூட்டைக் கிளப்பும். ஒரு கட்டத்துக்கு மேல் அதை யாராலும் நிறுத்த முடியாது. உள்ளே இருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றுவது.

இது எனக்கு எப்படித் தெரியும்? என் அக்கா மகனுக்கும் இதேபோல் நடந்தது. என் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தான். உஸ்ஸென்று ஒரு சத்தம். தொடையில் அறைந்துகொண்டான், துள்ளினான். பேண்டைக் கழற்றுவதற்குள் துணி தோலோடு ஒட்டிவிட்டது. செல் தரையில் விழுந்தும் பொறி கக்கிக்கொண்டே இருந்தது. அப்போது அவன் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க." வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். ஒரு மணி நேரம் கெஞ்சினேன். கடைசியில் இன்னொரு தொடையிலிருந்து தோல் எடுத்துத்தான் ஒட்டினார்கள்.

"போனும்தான் வெடிக்கிறது, அதற்காகப் போனைத் தடை செய்வார்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சரி, போனையே எடுத்துக்கொள்வோம். 2016-ல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோது உலகம் முழுக்க அந்த மாடலையே திரும்பப் பெற்றார்கள். வாங்கியவனைப் பார்த்து யாராவது சிரித்தார்களா? உனக்கு எதற்குப் போன் என்று கேட்டார்களா? பேட்டரியைத்தானே குறை சொன்னோம்! இங்கே மட்டும் ஏன் ஆளைக் குறை சொல்கிறோம்?

இன்னொன்றும் இருக்கிறது. இ-சிகரெட்டில் உருளையான செல் உருளையான குழாய்க்குள் இருக்கிறது. அழுத்தம் கூடினால் முனை பக்கமாகத்தான் பிய்த்துக்கொண்டு வரும், சில சமயம் ராக்கெட் மாதிரி. அதையும் முகத்துக்கு நேராகப் பிடிக்கிறார்கள். 2009 முதல் 2016 வரை அமெரிக்காவில் ஊடகங்களில் வந்த இத்தகைய விபத்துகளை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் திரட்டியது. மொத்தம் 195. அதில் 61 பைக்குள் இருந்தபோது, 48 சார்ஜ் போட்டிருந்தபோது. அதற்குப் பின் 2018-ல் ஃபுளோரிடாவில் ஒருவர் செத்தே போனார்.

"கோடியில் ஒன்று" என்பீர்கள். அந்த ஒன்று என் அக்கா வீட்டில் இருக்கிறது.

"கிழிந்த உறையோடு பையில் போட்டது அவன் தப்புதானே?" இதை மட்டும் பாதி ஒப்புக்கொள்கிறேன். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டிருக்க வேண்டும். ஆனால் விற்றவர் சொன்னாரா? பாதுகாப்பு மின்சுற்று வைத்த பேட்டரித் தொகுப்புக்குள் போக வேண்டிய செல் அது. தனியாக வாங்காதீர்கள் என்று 2021-ல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்தது. எங்கள் பையனுக்கு அதை உதிரியாக, ஒரு வார்த்தை சொல்லாமல் கையில் கொடுத்தார்கள்.

நான் புகைப்பதற்கு வக்காலத்து வாங்கவில்லை. நிகோடின் கெடுதல், விட்டுவிடு என்று அவனிடம் எத்தனையோ தடவை சொன்னவன் நான். அது வேறு பேச்சு. அதை வெந்துபோன தொடைக்குக் கீழேயா பேசுவது?

நீங்கள் சிரிக்கிறீர்களே, அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அவன் தாழ்ப்பாள் போட்டான். இன்றைக்கும் எத்தனை பையன்கள் சூடாகிற சார்ஜரைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்களோ! வீட்டில் காட்டினால் திட்டு விழும், வெளியில் காட்டினால் சிரிப்பார்கள். வேறு எங்கே வைப்பான்?

நேற்று ராத்திரி அக்கா மகன் அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பினான். கூட ஒரு வார்த்தையும் இல்லை. அந்த மூன்று பேரில் ஒருவர், அவன் மருத்துவமனையில் இருந்தபோது வந்து பார்த்துவிட்டுப் போனவர்.