எல்.கே.ஜி. இல்லாத அரசுப் பள்ளியும் ஆர்.டி.இ. சீட்டும்

தமிழ்நாட்டில் தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. சீட், அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி கிடைக்கும் இலவச இடம், வாங்குவது ஏழைப் பெற்றோருக்கு ஒரு தனிப் போராட்டம். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருப்பதற்குச் சான்று, இருப்பிடச் சான்று, இ-சேவை மையத்தில் காத்திருப்பு, அப்புறம் குலுக்கல். மூன்றரை வயதுப் பிள்ளை எங்கே படிக்கப்போகிறது என்பதைக் குலுக்கிப் போட்ட சீட்டு முடிவு செய்கிறது. இதை நாம் சகஜமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

சட்டம் சொல்வது இதுதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அதற்கான பணத்தை அரசு பள்ளிக்குக் கொடுக்கும். அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கும் தொகை, அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. 2012இல் உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆட்டோ ஓட்டுபவரின் மகளும் மருத்துவரின் மகனும் ஒரே பெஞ்சில் உட்காருவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் இங்கே நுழைவு வகுப்பு என்பது பெரும்பாலும் எல்.கே.ஜி. நம் அரசு தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. பிள்ளைக்கு மூன்று வயது முடிந்ததும் எங்காவது சேர்த்தாக வேண்டும் என்று பெற்றோர் தவிக்கும்போது, தெருமுனை அரசுப் பள்ளி "இரண்டு வருஷம் கழித்து வாங்க" என்கிறது. அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். சத்துணவு, எடை பார்ப்பது, தடுப்பூசிக்குத் தாய்மார்களைத் திரட்டுவது, போதாததற்கு வாக்காளர் பட்டியல் வேலை என்று எல்லாவற்றையும் சுமக்கும் அந்தப் பணியாளரிடம் பாடமும் நடத்தச் சொல்வது நியாயமில்லை. பெற்றோர் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். ஒருமுறை போன பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பி வருவது அபூர்வம். அரசுப் பள்ளியில் சேர்க்கை குறைகிறது, ஆசிரியர் பணியிடம் 'உபரி' ஆகிறது, அப்புறம் அந்தப் பள்ளி ஈராசிரியர் பள்ளியாகச் சுருங்குகிறது. அதே பிள்ளைக்கான பணத்தை அரசே பக்கத்துத் தனியார் பள்ளிக்குக் கட்டுகிறது.

இதைச் சரிசெய்ய வழி தெரியாமல் இல்லை. 2019 ஜனவரியில் 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022இல் அங்கிருந்த இடைநிலை ஆசிரியர்களை மாற்றும் முடிவு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியபின் வகுப்புகள் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு தொடர்ந்தன. மழலையர் வகுப்புதான் ஒரு பள்ளியின் வாசல். அதைத் தற்காலிக ஏற்பாடாக வைத்திருக்கும் வரை எந்தப் பெற்றோர் நம்பி வருவார்?

2025இல் நடந்ததை மறக்கக் கூடாது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கக் கோரும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்திருந்தது. ஆர்.டி.இ. பிள்ளைகளுக்கான பணமும் அந்த நிதியில்தான் வருகிறது. அந்த ஆண்டு ஆர்.டி.இ. சேர்க்கையே வழக்கமான மாதங்களில் தொடங்கவில்லை. கல்வி, ஒன்றியம் மாநிலம் இரண்டுக்கும் அதிகாரமுள்ள பொதுப்பட்டியலில் இருக்கும்போது, ஒரு கொள்கையை ஏற்காத மாநிலத்தின் பிள்ளைகளுடைய பணத்தைப் பிடித்து வைப்பது அநியாயம். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஆர்.டி.இ. பிள்ளைகளுக்கு அரசு தர வேண்டிய நிலுவைத் தொகை வராமல் சிறுநகரங்களின் சின்ன நர்சரி பள்ளிகளும் திணறின. அங்கே சம்பளம் தாமதமானால் பாதிக்கப்படுவது மாதம் சில ஆயிரம் வாங்கும் ஆசிரியைகள்.

இன்னொன்று, யாரும் அதிகம் பேசாதது. இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. எல்.கே.ஜி.யில் இலவசமாகச் சேர்ந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது முழுக் கட்டணம் கட்ட வேண்டும். பதினான்கு வயதில், பத்தாண்டு பழகிய நண்பர்களை விட்டுவிட்டு வேறு பள்ளி தேடச் சொல்கிறோம்.

அதற்காக 25 சதவீத இடங்களை மூடிவிடு என்று நான் சொல்லவில்லை. கர்நாடகம் 2019இல் அப்படித்தான் செய்தது. அருகில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இந்த இடம் கிடையாது என்றது. மகாராஷ்டிரம் அதே வழியில் போனபோது மும்பை உயர் நீதிமன்றம் 2024இல் தடுத்தது. அரசுப் பள்ளியைத் தூக்கி நிறுத்தாமல் ஏழையின் கையில் இருக்கும் ஒரே சீட்டையும் பிடுங்குவதை என்னால் ஏற்க முடியாது.

நான் கேட்பது வரிசை மாற்றம். முதலில் ஒவ்வொரு அரசு தொடக்கப் பள்ளியிலும் எல்.கே.ஜி., யு.கே.ஜி., அதற்கென்று பயிற்சி பெற்ற நிரந்தர ஆசிரியர், பிள்ளைகள் உயரத்துக்கு ஏற்ற கழிப்பறை. வரும் பட்ஜெட்டில் இதற்குத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்கட்டும். ஏற்கெனவே தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாநில அரசே கட்டணம் கட்டட்டும். இரண்டையும் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் எழுத்தில் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாகப் போட்டு அனுப்பலாம்.